அப்பாவின் காதும் அக்காவின் காரும்

3 ஜூலை, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா இருக்கிறாயா? எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. ஸ்டோர் ரூமில், காலிப் பெட்டிகளுக்கும் உன் கார் பேட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்து, டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். 

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பா உன் காரை விற்கப்போகிறார்.

மார்க்கெட் முக்கில் இருக்கும் பல் டாக்டர் வாங்குகிறாராம். இந்த மாதம் மூன்றாவது ஞாயிறு கழித்து, அதற்கடுத்த ஞாயிறு வந்து ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதைச் சாப்பிடும்போது சொன்னார். அம்மாகூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள். நர்சரிப் பள்ளியில் நாற்பது குழந்தைகளை அதட்டும் அந்தக் குரல் அன்றைக்கு எங்கே போனது என்றே தெரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அம்மா நேராகப் போய் உன் கார் கவரைக் கழற்றித் துவைத்துப் போட்டாள். அழுக்கே இல்லை அதில்.

நீ போனதிலிருந்து அப்பா உன் பேரைச் சொல்வதில்லை. "அவ ரூம்", "அவ அலமாரி". இப்போது "அந்த வண்டி". கார் போய்விட்டால் "அந்த" என்று சொல்லக்கூட இந்த வீட்டில் உன்னுடையது ஒன்றும் இருக்காது. பிறகு நீ எதற்கு வருவாய்? எனக்கு அந்த பயம்தான்.

இரண்டாவது செய்தி. இன்று மதியம் கூரியர்காரர் உன் பேரில் ஒரு பெட்டி கொண்டுவந்தார். நல்லவேளை, பரீட்சை என்பதால் நான் சீக்கிரம் வந்துவிட்டேன், வீட்டில் யாரும் இல்லை. நீ ஊருக்குப் போவதற்கு முன்னால் ஆர்டர் செய்து, "வராது போல" என்று கைவிட்டாயே, அந்த ஏர் இன்டேக். என்ஜின் மூச்சு இழுக்கும் குழாய் என்று சொல்வாய், அதேதான். பிரித்துப் பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள். சிவப்புக் குழாய் ஒன்று, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிறது. கூம்பு மாதிரி ஒரு பில்டர். ரப்பர் இணைப்புகள், இறுக்குகிற கிளாம்புகள், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ. கூடவே ஒரு தாள், படம் மட்டும்தான் புரிகிறது. இப்போது எல்லாம் என் கட்டிலுக்கு அடியில், பழைய கேள்வித்தாள்களுக்குப் பின்னால்.

அக்கா, எனக்கு ஒரு யோசனை. இதை மாட்டினால் கார் உறுமும் என்று நீதானே சொன்னாய்? பல் டாக்டர் அப்பாவிடம் என்ன சொன்னார் தெரியுமா? "சார், வண்டி போறதே தெரியக் கூடாது. அவ்வளவு அமைதியா இருக்கணும்." அப்படியென்றால், இதை மாட்டிவிட்டால்?

சிரிக்காமல் பதில் எழுது. போன் செய்யலாம்தான், ஆனால் இந்த வீட்டில் கிசுகிசுக்க முடியுமா? அப்பா, நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் அந்தச் சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து "இப்போ கேட்குதா, இப்போ?" என்று ஊரார் காதையெல்லாம் சோதிக்கிற மனுஷர். நான் மாடியில் கொட்டாவி விட்டால் கீழேயிருந்து "போய்ப் படு" என்கிறார். எழுதத்தான் முடியும். பதிலை எப்போதும்போல ஜெராக்ஸ் கடை அக்கா பேருக்குப் போடு.

உன் பயந்தாங்கொள்ளி,
சுண்டெலி


8 ஜூலை

என் அருமைச் சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து படித்தேன். சிரிக்காதே என்றாய். சிரித்துவிட்டேன். ஹெட் மெக்கானிக் எட்டிப் பார்த்து, "என்ன, மாப்பிள்ளை லெட்டரா?" என்றார். "இல்லை, திருட்டு கும்பல் தலைவி லெட்டர்" என்றேன். வந்த புதிதில் என்னை டீ வாங்கிவரச் சொன்னவர் அவர். இப்போது ரேஸ் வண்டி ஓட்டப்பாதையிலிருந்து திரும்பியதும், "மேடம், கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறார். டீயும் அவரே போடுகிறார். டீ மட்டும் சகிக்கவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். அறையில் என்னுடன் இருப்பவள் கிரேன் ஓட்டுகிறாள். தங்கமான பெண். தூங்கினால் மட்டும் கிரேனே உள்ளே வந்துவிட்ட மாதிரி குறட்டை.

கார் விஷயம். போனால் போகட்டும் விடு. இரும்புதானே. நான் அங்கே இல்லாதபோது அது ஷெட்டில் நின்று என்ன பிரயோஜனம்? அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கும். இந்த வேலைக்கு நான் கிளம்பியபோது அவர் சொன்னதை நீயும்தான் கேட்டாய். "அந்த சத்தத்துல போய் நின்னவங்க எல்லாம் கடைசியில என் ரூமுக்குத்தான் வர்றாங்க. என் மகளுக்கு நானே டெஸ்ட் பண்ணணுமா?" நானும் சும்மா இருந்திருக்கலாம். "உங்களுக்கு எதைக் கேட்டாலும் சத்தம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே ஒன்றையும் தொடாதே. பெட்டியை அப்படியே கட்டிவை. நீ இதுவரை மாட்டியதெல்லாம் மிக்சி மூடி ஒன்றுதான், அதுவும் கோணல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அப்பா ஷெட்டுப் பக்கம் போவதுண்டா?

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ இரவில் விழித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ஸ்பானர் அக்கா


9 ஜூலை, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. என்னால் காத்திருக்க முடியவில்லை. ஒரு தப்பு நடந்துவிட்டது. திட்டுவதை இரண்டாம் பக்கத்தில் வைத்துக்கொள். முதல் பக்கத்தில் என்ன செய்வது என்று எழுது.

சனிக்கிழமை அப்பா ஆஸ்பத்திரிக்கும் அம்மா பள்ளிக்கும் போயிருந்தார்கள். சாவி அப்பா பையில். ஆனால் உன் காரின் பின்பக்க இடது கதவு பூட்டாது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும். உள்ளே நுழைந்து, முன்னால் தவழ்ந்து போய், பானெட் திறக்கும் பிடியை இழுத்தேன். சும்மா பார்க்கலாம் என்றுதான். சத்தியமாக.

பார்த்தால் கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள்தான் பழைய பில்டர் இருக்கும் என்று படம் சொன்னது. கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். மூடியின் கிளிப்புகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். டப் என்று ஒன்று உடைந்தது. பயத்தில் அடுத்ததை மெதுவாக நெம்பினேன். அது மெதுவாக உடைந்தது.

இப்போது மூடி நிற்க மாட்டேன் என்கிறது. கையை எடுத்தால் வாயைப் பிளக்கிறது. யார் பானெட்டைத் திறந்தாலும் தெரிந்துவிடும். பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா, "பரீட்சை சரியா எழுதலையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றுவிட்டேன். அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

அப்பா தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குப் போகிறார், அக்கா. கவரின் மேலேயே பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். விலை கணக்குப் போடுகிறாரோ என்னவோ. நேற்று ஞாயிற்றுக்கிழமை அப்படி நின்றபோது, நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, கவரைத் தூக்கக் கூடாது, தூக்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தூக்கவில்லை. திரும்பி வந்து, "ஏன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற?" என்று மட்டும் கேட்டார்.

உடனே எழுது.

சுண்டெலி


13 ஜூலை
(அவசரத் தபால்)

அடி சுண்டெலி,

திட்டு இரண்டாம் பக்கத்தில் இல்லை. நேரில் வந்து தருவேன்.

உடைந்த கிளிப்பை ஒட்ட முடியாது. இனி பின்னால் போக வழியில்லை, முன்னால்தான் போக வேண்டும். மாட்டு. பயப்படாதே, இது என்ஜினைப் பிரிக்கிற வேலை இல்லை. மூக்கை மாற்றுகிற வேலை, அவ்வளவுதான். நான் சொல்கிற வரிசையிலேயே செய்.

பேட்டரி ஸ்டோர் ரூமில் இருப்பது நல்லதாயிற்று. ஷாக் அடிக்க வழியில்லை. கறுப்புப் பெட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைப் பார். அதன் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கும், வயர் சொருகியிருக்கும். உள்ளே போகிற காற்றை அளந்து சொல்வது அதுதான். வயரைப் பிடித்து இழுக்காதே. சொருகியின் நாக்கை அழுத்திவிட்டு எடு. சென்சாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி அப்படியே தூக்கு. உள்ளே ரோமம் மாதிரி கம்பி இருக்கும். அதைத் தொட்டாயோ, நம் உறவு முறிந்தது.

பிறகு குழாயின் கிளாம்புகளைத் தளர்த்திப் பெட்டியோடு சேர்த்து எடுத்துவிடு. இப்போது என்ஜினின் வாய் திறந்திருக்கும். அதற்குள் ஒரு ஸ்க்ரூ விழுந்தால் நான் அழுவேன், அப்பா அழுவார், பல் டாக்டர்கூட அழுவார். அதனால் உடனே நூல் பிரியாத சுத்தமான துணியை அதன் வாயில் அடைத்துவை. புதுக் குழாயைப் பொருத்தும் முன் மறக்காமல் எடு.

சென்சாரின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். காற்று போகும் திசை அது. புதுக் குழாயில் அதை மாட்டும்போது அம்பு என்ஜினைப் பார்க்க வேண்டும். ரப்பர் இணைப்பை முதலில் என்ஜின் பக்கம், பிறகு குழாய், கடைசியில் கூம்பு. எல்லாவற்றையும் தளர்வாகப் பொருத்திவிட்டு, எதன் மேலும் உரசவில்லை என்று பார்த்த பிறகு இறுக்கு. கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பர் வெட்டிக்கொள்ளும். அம்மா ஊறுகாய் பாட்டிலை மூடுகிற மாதிரி மூடாதே, நீ மூடுகிற மாதிரி மூடு.

அப்பா பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று எழுதியிருந்தாயே. அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன். விலை கணக்குப் போட அவருக்குக் கை வேண்டாம், அவர் மனசிலேயே போடுவார்.

கார் போனால் போகட்டும் என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன்,
ஸ்பானர் அக்கா


17 ஜூலை, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

மாட்டிவிட்டேன்!

சத்தமாகக் கத்த முடியாததால் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நேற்றும் இன்றும் பள்ளி விட்டு ஓடிவந்து, அப்பா வருவதற்குள் செய்தேன். கிழித்துப் போடச் சொன்ன கடிதத்தைக் கிழிக்கவில்லை, மன்னித்துக்கொள். அதில் கிரேன் அக்கா இருக்கிறார்.

சென்சாரைக் கைக்குட்டையில் வைத்து, குருவிக் குஞ்சைத் தூக்குகிற மாதிரி தூக்கினேன். கம்பியைத் தொடவில்லை. நம் உறவு பத்திரம். பழைய குழாய் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. காலைப் பம்பரில் முட்டுக்கொடுத்து இழுத்ததில் அது சட்டென்று வந்து, நான் பின்னால் விழுந்து, உன் பழைய பெயின்ட் டப்பாக்கள் எல்லாம் உருண்டன. பக்கத்து வீட்டு நாய் குரைத்தே ஓய்ந்தது. என்ஜின் வாயில் அடைக்க வீட்டில் ஒரு துணியும் ஒத்துவரவில்லை. எல்லாமே நூல் பிரிகிறது. கடைசியில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் காக்கி சாக்ஸ்தான் கிடைத்தது. கெட்டியான சாக்ஸ், துவைத்தது. சரியாகப் பொருந்தியது, அளவெடுத்துத் தைத்த மாதிரி.

புதுக் குழாயில் சென்சாரை மாட்டி, அம்புக்குறியை நாலு தடவை பார்த்தேன். என்ஜினைத்தான் பார்க்கிறது. அப்போது பார்த்து வெளியே கேட் சத்தம். அம்மா! பள்ளியில் தண்ணீர் வரவில்லை என்று சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். "யாரது ஷெட்ல?" என்று அந்தக் குரலில் கேட்டாள். "நான்தாம்மா, பந்து தேடறேன்" என்றேன். எனக்கு ஏது பந்து? அவசர அவசரமாகக் குழாயைச் சொருகி, கூம்பை மாட்டி, எல்லா கிளாம்புகளையும் நான் மூடுகிற மாதிரி மூடி, பானெட்டை இறக்கிவிட்டு வந்தேன். அம்மா என் கையைப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. "பந்து நல்லா ஓடிச்சா?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

பானெட்டுக்குள் அது எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா! நரைத்த வண்டிக்குள் சிவப்பாக ஒரு தொண்டை.

ஸ்டார்ட் செய்து பார்க்க முடியாது. சாவியும் இல்லை, பேட்டரியும் இல்லை. அப்பா பேட்டரியைச் சார்ஜ் போட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மாட்டுவார். டாக்டர் காலையிலேயே வருகிறாராம்.

உறுமுமா, அக்கா? உறுமினால் டாக்டர் ஓடிவிடுவாரா? ஓடிவிட்டால் அப்பா என்னை என்ன செய்வார்? இதையெல்லாம் நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷமாகவும் இருக்கிறது, அது ஏன் என்று தெரியவில்லை.

சுண்டெலி

பி.கு: ஸ்டோர் ரூமில் எலி வந்துவிட்டது என்று அம்மா பொறி வாங்கச் சொல்கிறாள். ராத்திரியில் கரகர சத்தம் கேட்கிறதாம். இன்றிலிருந்து மெதுவாக எழுதுகிறேன்.


21 ஜூலை
(அவசரத் தபால்)

சுண்டெலி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். சாக்ஸை அடைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். எடுத்தேன் என்று எங்கேயும் எழுதவில்லை.

எடுத்தாயா?

எடுக்கவில்லையென்றால் என்ஜின் மூச்சு முட்டி நின்றுவிடும். இது உன் கைக்கு வரும்போது ஞாயிறு தாண்டியிருக்கும் என்று தெரிந்தும் போடுகிறேன். என்ன செய்வது, எழுதாமல் தூக்கம் வராது.

அக்கா


22 ஜூலை, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். நாளைக்கு எப்படியோ தெரியாது. அதனால் இன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பல் டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். குட்டையாக, உருண்டையாக இருக்கிறார். அப்பா பேட்டரியை மாட்டி, கவரை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். பேட்டரி மாட்ட பானெட்டைத் திறந்திருப்பாரே என்று நீ நினைப்பாய். உன் காரில்தான் பேட்டரி டிக்கியில் இருக்கிறதே! நான் அந்தக் கவரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கதவு மறைவில் நின்றேன்.

அப்பா சாவியைத் திருகினார். என்ஜின் ஒரு தடவை செருமியது. அப்புறம் விக்கியது. அப்புறம் நின்றுவிட்டது. மறுபடி திருகினார். மறுபடி விக்கல்.

"என்ன சார், ஆஸ்துமாவா?" என்றார் டாக்டர்.

அப்பா மூன்றாவது முறை திருகும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் இருப்பாராம். பிறகு இறங்கி வந்து, "காத்து உள்ள போகல. மூக்கை யாரோ பிடிச்சிருக்காங்க" என்றார். பானெட்டைத் திறந்தார்.

அக்கா, அந்தச் சிவப்புக் குழாய் வெயிலில் அப்படி ஜொலித்தது. அப்பா அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. "ஸ்க்ரூடிரைவர் கொண்டா" என்றார், காற்றைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

என்ஜின் பக்கத்து கிளாம்பைத் தளர்த்தி, குழாயை நகர்த்தி, விரலை விட்டு இழுத்தார். காக்கி சாக்ஸ். நீளமாக, முழுசாக, குதிகாலில் அம்மா போட்ட தையலோடு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. அம்மா கேட்டைத் திறந்த சத்தத்தில் எடுக்க மறந்திருக்கிறேன்!

டாக்டர் வாயைப் பிளந்துவிட்டார். "சார், நானும் எத்தனையோ பிடுங்கியிருக்கேன். இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை."

அப்பா சாக்ஸை உதறினார். "என்னுதுதான். ஒரு வாரமா ஒத்தைக் கால் சாக்ஸோட அலைஞ்சேன்" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குழாயை அவரே பொருத்தினார். ரப்பரைத் தடவிப் பார்த்து, அளவாக இறுக்கினார்.

நாலாவது முறை திருகியதும் பிடித்துக்கொண்டது. அக்கா, நீ சொன்னது பொய். உறுமவில்லை. நின்றபோது சும்மா முணுமுணுத்தது. அப்பா ஆக்சிலரேட்டரை மிதித்ததும்தான், அடியிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்து வந்தது. பெரிய மிருகம் ஒன்று தூங்கி எழுந்து நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிற மாதிரி. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சரி, டாக்டர் இப்போது ஓடுவார் என்று பார்த்தேன்.

அவர் ஓடவில்லை. கையைத் தட்டினார்!

"அடடா! சார், என்ன சத்தம் சார் இது! நாள் முழுக்க கொய்ங்னு அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அமைதியான வண்டி வேணும்னேன். இது வேற சார். இது நெஞ்சுக்குள்ள போகுது. பேசினதுக்கு மேலயே தரேன். இப்பவே எடுத்துக்கறேன்."

ஓடவைக்க மாட்டியது அவரைப் பிடித்து இழுத்துவிட்டது. என் புத்திக்கு நானே என்னை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கவரில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அப்பா மறுபடி மிதித்தார். மறுபடி அந்தப் பெருமூச்சு. இன்னொரு முறை. டாக்டர் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார். அப்பா என்ஜினை அணைத்தார். சத்தம் முழுசாக அடங்கும் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"இல்லைங்க டாக்டர். தர்றதுக்கு இல்ல."

"என்ன சார், வரச் சொல்லிட்டு? இப்பதான உங்க காலுக்கு சாக்ஸ் கிடைச்சுது, எனக்கு வண்டி கிடைக்கக் கூடாதா?"

"வண்டி என் பெரிய பொண்ணோடது. அவகிட்ட கேட்காம வரச் சொன்னது என் தப்பு. மன்னிச்சுக்கணும்."

பெரிய பொண்ணு. அக்கா, பெரிய பொண்ணு என்று சொன்னார். "அவ" இல்லை, "அந்த" இல்லை.

டாக்டர் முகம் சுருங்கினாலும் நல்லவர்தான். போகும்போது, "அந்தப் பொண்ணு எப்பவாவது மனசு மாறினா சொல்லுங்க. பல்லுக்குக் காசு வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இரவு சாப்பிடும்போது அம்மா, "அந்த சாக்ஸைத் துவைக்கப் போடவா, இல்ல வண்டிக்கே கொடுத்துட்டீங்களா?" என்று நர்சரிக் குரலில் கேட்டாள். அப்பா, "நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஸ்டோர் ரூமில் இப்போது பேட்டரி இல்லை. அது இருந்த இடம் காலியாக இருக்கிறது. வெளியே யாரோ நடக்கிற மாதிரி

(இங்கே நிறுத்திவிட்டேன். டார்ச்சை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலடி வாசல் வரை வந்து, நின்று, திரும்பிப் போய்விட்டது. இதை விடிந்ததும் எழுதிச் சேர்த்தேன்.)

சுண்டெலி


29 ஜூலை, பகல்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. எழுத்து நேராக வருகிறதா?

அன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா என் பையைக் கேட்டார். செத்தேன் என்று நினைத்தேன். பென்சில் பெட்டியைத் திறந்து, என் பேனாவை எடுத்து, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார்.

"ரீஃபில் தீரப்போகுது. கீறுது. மாத்து" என்றார்.

நான் முழித்தேன்.

"உங்கம்மா எலிப்பொறி வைக்கச் சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். எலியா இருந்தா கண்டபடி கரண்டும். இது ஒரே சீரா ஓடுது. கொஞ்ச தூரம் ஓடி நிக்குது, மறுபடி முதல்லேர்ந்து ஓடுது. வரி வரியா."

"எப்போலேர்ந்துப்பா கேட்குது?"

"அவ கிளம்பிப் போன வாரத்துலேர்ந்து."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கு அழுகையைக் கண்டால் கைகால் ஓடாது என்று உனக்குத் தெரியுமே. பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். "நீ என்ன எழுதறேன்னு கேட்காது. யாருக்குன்னு தெரியும். எழுதட்டும்னுதான் இருந்தேன். டார்ச்ல எழுதாத, கண்ணு போயிடும்" என்றார். அப்புறம் வெளியே போய், செருப்பு மாட்டுகிற மாதிரி குனிந்துகொண்டே, "அங்க காதுக்கு ஏதாவது மாட்டிக்கிறாளா?" என்று கேட்டார். நீ ஒர்க்‌ஷாப்பில் எப்போதும் காதுமூடி போட்டுக்கொள்வதைச் சொன்னேன். மெத்தை வைத்தது, தலைக்கு மேல் வளைவு வருவது என்று விவரமாகச் சொன்னேன். "அது நல்ல வகைதான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் இளகியது. நான் பார்த்தேன்.

உன் அவசரத் தபாலும் வந்தது. ஜெராக்ஸ் கடை அக்கா ஓடிவந்து கொடுத்தார். அப்பாவிடமே காட்டினேன். "எடுத்தாயா?" என்ற வரியைப் படித்துவிட்டு, மூக்கால் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

இன்று காலை நாங்கள் மூன்று பேரும் உன் காரில் ஏரிச் சாலை வரை போய்வந்தோம். அம்மா பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை அப்பா மிதிக்கும்போதும் "மெல்ல, மெல்ல" என்று கத்தினாள். அவள் கத்தியதுதான் அதிக சத்தம். மேட்டில் ஏறும்போது அந்தப் பெருமூச்சு வந்தது. அப்பா கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். நம் அப்பா, அக்கா!

திரும்பி வரும்போது மட்டும் அவருக்கு ஏதோ வித்தியாசமாகக் கேட்டதாம். எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அதை உனக்கு எழுதச் சொல்லி அரை மணி நேரமாக என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குகிறார். "விசில் மாதிரி, ஆனா விசில் இல்ல." "மெலிசா, ஆனா கூர்மையா இல்ல." நான் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இப்போது, "கொடு இங்க" என்று பேனாவைப் பிடுங்குகிறார்.

உன்,
சுண்டெலி


அன்புள்ள மகளுக்கு,

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது, காலை எடுத்த உடனே, மெல்லிய ஊதல் ஒன்று வருகிறது. உடனே அடங்கிவிடுகிறது. என்ஜின் பக்கத்து ரப்பர் இணைப்பின் அடிப்பக்கத்திலிருந்து வருவதாகப் படுகிறது. கிளாம்பை அரைச் சுற்று இறுக்கினேன். குறைந்தது, போகவில்லை. இது அந்தக் குழாயின் இயல்பா, அல்லது காற்று கசிகிறதா என்று தெரிய வேண்டும். தங்கை நன்றாகவே மாட்டியிருக்கிறாள், குறை அவளுடையது அல்ல.

வண்டியை விற்பதாக இல்லை.

எழுத்தில் இதற்கு மேல் சொல்ல வரவில்லை. நீ கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாய். வருகிற ஞாயிறு காலை வண்டியை ஸ்டார்ட் செய்து, போனை பானெட் அருகே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கூப்பிடு.

அப்பா